அஞ்சலி பேனரில் நான் செய்த புரட்சி

எங்கள் தொழிலில் ஒரு வசதி உண்டு: யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவர் வந்து குறை சொல்ல மாட்டார். அவரைத் தவிர மற்ற எல்லாரும் வருவார்கள்.

கண்டி குட்செட் பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள சந்தில் ஒரு டிஜிட்டல் பிரிண்ட் கடை. அங்கே எனக்கு இரவு வேலை. கலியாணக்காரர்கள் பகலில் வந்து ஆற அமர உட்கார்ந்து கலர் பார்ப்பார்கள். மரண வீட்டுக்காரர்கள் பொழுது சாய்ந்து, மூச்சு வாங்க வருவார்கள். விடியும்போது தெருமுனையில் அஞ்சலி பேனர் தொங்க வேண்டும். ஆகவே இந்தப் பக்கத்துத் தமிழ்ச் சாவுகளில் முக்கால்வாசி என் விரல் வழியாகத்தான் ஊருக்குத் தெரியவருகிறது.

படிப்பு சாதாரண தரப் பரீட்சையோடு சரி. மிச்சமெல்லாம் கடையில் கிடைத்தது. இது அச்சகமாக இருந்த காலத்தில் கவிஞர்கள் புத்தகம் அடிக்கக் கொடுப்பார்கள். வெளியீட்டு விழாவுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு போவார்கள், மிச்சக் கட்டு எங்களிடமே கிடக்கும். நெடுநாள் அந்தக் கட்டுகளின் மேல் உட்கார்ந்துதான் சோறு சாப்பிட்டேன். ஒருநாள் ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். எதுகை இல்லை, மோனை இல்லை, வரி பாதியில் நிற்கிறது. ஆனால் சோறு ஆறிப்போனது தெரியவில்லை. அதன்பிறகு நூலகத்துக்கும் போனேன். வெளிநாட்டில் பெரிய சண்டைகளைப் பார்த்தவர்களுக்குப் பழைய அலங்காரச் சொற்களை வாயில் வைக்க முடியாமல் போனதாம். ஓவியக்காரர்கள் கண்ணை நேரே இருந்தும் மூக்கைப் பக்கத்திலிருந்தும் பார்த்து இரண்டையும் ஒரே முகத்தில் வரைந்தார்களாம். கட்டிடக்காரர்கள் தூணில் இருந்த பூவையெல்லாம் செதுக்கி எறிந்தார்களாம். அதற்கு நவீனத்துவம் என்று பெயர். அவர்கள் எறிந்த பூவெல்லாம் எங்கள் கடை பேனர்களில் வந்து விழுந்து கிடப்பதாக எனக்குத் தோன்றிவிட்டது.

அங்கே பிடித்தது சனி. இரவில் விழித்துப் பகலில் தூங்கத் தெரியாத சகபாடிகளே, இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

ஒரே பாட்டு

கடைக் கம்ப்யூட்டரில் தயாராகச் சில பாட்டுகள் கிடக்கும். அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, வயசுப் பிள்ளைக்கு ஒன்று. அப்பா பாட்டு இப்படி: ‘குன்றில் எரிந்த தீபமே, குடும்பம் காத்த கோபுரமே, சென்ற இடம் சொல்லாமல் சென்றதென்ன நியாயமே.’ இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, கீழே தாமரை, பின்னால் மேகம். பெயரையும் படத்தையும் மாற்றினால் வேலை முடிந்தது. நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன்.

மஹய்யாவயில் ஒரே சுவரைப் பங்குபோட்ட இரண்டு வீடுகள். இரண்டிலும் பெரியவர்கள். தண்ணீர்க் குழாய்ச் சண்டையில் தொடங்கிய பகை, பேச்சுவார்த்தை நின்று பல காலம். இருவரும் ஒரு வாரத்துக்குள் போய்ச் சேர்ந்தார்கள். இரண்டு பேனரையும் ஒரே மின்கம்பத்தில் மேலும் கீழுமாகக் கட்டியிருந்தார்கள். மேலே குன்றில் எரிந்த தீபம், கீழேயும் குன்றில் எரிந்த தீபம். ஒரே கோபுரம், ஒரே மேகம். கீழ்ப் பேனர்காரரின் மனைவி எட்டாம் நாள் காரியத்துக்கு நோட்டீஸ் அடிக்க வந்தபோது என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏன் தம்பி, உசுரோட இருந்தப்ப ரெண்டு பேரும் ஒரு வார்த்த பேசிக்கிட்டதில்ல. செத்தப்புறம் நீங்க ரெண்டு பேரையும் ஒரே பாட்டு பாட வச்சிட்டீங்களே!”

கடைசி பஸ்

அதற்குப் பிறகு வந்த முதல் அப்பாவுக்கு நான் பாட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை. மாத்தளைப் பாதையில் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். மகன் வந்து பெயர், வயது, மருமக்கள் பெயரெல்லாம் ஒப்பித்தான். நான் வழக்கமில்லாத ஒரு கேள்வி கேட்டேன். “அப்பா வீட்டுல எப்படித் தம்பி இருப்பார்?” அவன் முழித்தான். பிறகு சொன்னான்: “வேலைய விட்ட பிறகும் பொழுதுபட்டா வாசல்ல போய் நிப்பாரு. கடைசி பஸ் போற வரைக்கும் உள்ள வர மாட்டாரு. யாராச்சும் பஸ்ஸத் தவற விட்டுருப்பாங்களோன்னு பாப்பாரு.”

விளக்கை எடுத்தேன், தாமரையை எடுத்தேன், மேகத்தை எடுத்தேன். அவர் முகம் ஒரு பக்கம், மறுபக்கம் இவ்வளவுதான்:

கடைசி பஸ்ஸும் போய்விட்டது.
யாரும் தவறவிடவில்லை.
இனி
உள்ளே வரலாம், அப்பா.

காலையில் கடை திறக்க வந்த முதலாளி பேனரை விரித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். “பாட்டு எங்கடா?” என்றார். இதுதான் பாட்டு என்றேன். “இப்படி ஒரு பேனர் திரும்பி வரட்டும். அன்னைக்கே எழுதுற வேலைய விட்டுட்டு மூலைக்குப் போயிரணும். ஓரத்துல ஓட்ட போட்டு வளையம் அடிக்கிறதுதான் உனக்கு வேல” என்றார். அதற்குள் மகன் ஆட்டோவோடு வந்து நின்றதால் பேனர் போய்விட்டது. எழுதுகிற மேசையை விட்டால் எனக்கு இந்த ஊரில் வேறு பெருமை எதுவும் கிடையாது.

வீட்டுக்குப் போகாமல் நேரே அந்தத் தெருவுக்குப் போனேன். இறந்தவரோடு ஒரே பஸ்ஸில் ஓடிய கிழட்டு டிரைவர் ஒருவர் பேனருக்கு முன் நின்று ஒவ்வொரு சொல்லாக எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு, பக்கத்தில் நின்ற நான் யாரென்று தெரியாமலே என்னிடம் சொன்னார்:

“இது பாட்டில்ல தம்பி. ஆனா இது அவன்தான்.”

சுனில் திருத்திய கவிதை

எங்கள் மெஷின் ஓட்டுபவன் சுனில், சிங்களவன். தமிழ் பேசுவான், தமிழ் எழுத்து ஒன்றும் தெரியாது. எழுத்தை அவன் பார்ப்பது வேலி பார்ப்பதுபோல: நேராக இருக்கிறதா, இடைவெளி இருக்கிறதா, அவ்வளவுதான். ஹந்தானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து அம்மா ஒருவருக்கு நான் எழுதி வைத்துவிட்டு ஒரு தேநீர் குடிக்கப் போனேன்.

விடியுமுன் அடுப்பு
பற்றிவிட்டது.
யார் மூட்டியது?
அம்மா
இல்லையே.

திரும்பி வருவதற்குள் பேனர் அடித்து முடிந்து, உறவுக்காரர்கள் எடுத்துக்கொண்டும் போய்விட்டார்கள். சுனில் சந்தோஷமாக இருந்தான். “அண்ணே, லைன் எல்லாம் பாதி பாதியில நின்னுச்சு. நான் எல்லாத்தையும் ஒரே நீளத்துக்கு இழுத்து விட்டேன்” என்றான். திரையைப் பார்த்தேன். முதல் வரி எறும்பு மாதிரி. ‘அம்மா’ என்ற ஒற்றைச் சொல் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை, ஆள் உயரத்துக்கு. என் மேசை போச்சு, நாளையிலிருந்து ஓட்டை போடுவதுதான் என்று உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் அந்த வீட்டு மூத்த மகன் போன் பண்ணினார். எதிர்மலையில் கொழுந்து பறிக்கிறவர்கள்கூட ‘அம்மா’ என்ற எழுத்தைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்களாம். நன்றி சொன்னார். நான் போனை வைத்ததும் சுனில் தோளைத் தட்டினான்.

“பாத்தீங்களா அண்ணே, வாசிக்கத் தெரியாத ஆள் செஞ்சா ஒழுங்கா வரும்.”

நவீன ஓவியத்தைப் பற்றி நான் வாசித்த ஒரு தடித்த புத்தகம் இதைத்தான் சொல்ல வந்ததோ என்று இப்போதும் சந்தேகம்.

தோளில் ஒரு கை

எங்கள் தொழிலில் செத்தவர்களுக்குக் கோட் மாட்டுவது ஒரு கலை. அநேகருக்குத் தனியாக எடுத்த படம் இருக்காது. ஏதாவது கலியாண வீட்டுக் கூட்டத்திலிருந்து தலையை மட்டும் வெட்டியெடுத்து, கம்ப்யூட்டரில் உள்ள கோட்டுக்கு மேலே ஒட்டுவோம். ஆயுசு முழுக்க இடுப்பில் சாரம் கட்டியவர்கள் சாவுக்குப் பிறகு கழுத்துப்பட்டியோடு மிரண்டு பார்ப்பார்கள்.

ஒரு வருட நினைவுக்காக ஒரு படம் வந்தது. மரக்கறிச் சந்தையில் மூட்டை தூக்கியவர். கழுத்து திறந்த சட்டை, வாய் நிறையச் சிரிப்பு. தோளில், படத்துக்கு வெளியே நிற்கும் யாரோ ஒருவரின் கை. கை நிறையக் கண்ணாடி வளையல். வழக்கப்படி கையை அழித்துக் கோட்டை மாட்ட வேண்டும். நான் இரண்டும் செய்யவில்லை. ஆள் வெட்டுப்பட்டு, கை மட்டும் பேனரின் ஓரத்திலிருந்து வந்து அவர் தோளில் உட்கார்ந்திருந்தது. பார்த்த பகல் வேலைக்காரர்கள் பேய்ப்படம் என்று சிரித்தார்கள்.

பேனரை எடுக்க அவருடைய மனைவியும் மனைவியின் அண்ணனும் வந்தார்கள். அண்ணனுக்குக் கோபம். “யாரோட கை இது, பாக்கவே ஒரு மாதிரியா இருக்கு? எடுத்துட்டு வேற அடிச்சுக் குடுங்க” என்றார். உள்ளே முதலாளி செருமும் சத்தம் கேட்டது. அந்த அம்மா கிட்ட வந்து, வளையல் இல்லாத தன் கையை எடுத்துப் படத்திலிருந்த கையின் மேல் வைத்தார்.

“எடுக்க வேணாம் அண்ணே. அது நாந்தான்.”

அக்குறணை முதலாளி

அக்குறணையில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் பெரியவர் வந்தார். அவருடைய கடையில், கடை திறந்த காலத்திலிருந்து வேலை செய்த கந்தையா அண்ணன் காலமாகிவிட்டார். கடை சார்பில் ஒரு பேனர் வேண்டும். “எங்கட ஆக்கள் மௌத்தானா படம், பூ ஒண்டும் போடுறதில்ல தம்பி. எனக்கு இதில பழக்கமில்ல. நீங்களே பாத்து ஏதும் எழுதுங்க” என்றார்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். அதற்குள் கொஞ்சம் பேர் வாங்கியிருந்தேன், தலை சற்றே கனத்திருந்தது. அவரை எப்படி நினைவிருக்கிறது என்று பெரிய தோரணையில் கேட்டேன். “என்னத்தச் செல்ல? மஃரிப் தொழப் பள்ளிக்குப் போகக்குள்ள கடத் தொறப்ப அவர்ட கையிலதான் குடுப்பேன். நேத்தும் எடுத்துட்டுத் திரும்பினேன். யார்ட கையில குடுக்கியண்டு தெரியல்ல” என்றார்.

நான் சாவியைத் திறப்பு என்றே வைத்து, பெயரைத் தவிர ஒரு சொல் கூட்டாமல் தட்டினேன்: ‘கடைத் திறப்பை யாரிடம் கொடுப்பதென்று தெரியவில்லை, கந்தையா அண்ணன்.’ திரையை அவர் பக்கம் திருப்பி, அருமையான கவிதை என்று பாராட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“இது கவிதையா தம்பி? இது என்ட கவலதானே.”

வெள்ளை

இப்போது நான் மிக உயரத்தில் ஏறி, கிட்டத்தட்ட விழுந்த கதை.

கண்டியில் ஒரு பெண்கள் பாடசாலையில் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை. சொந்த ஊர் யாழ்ப்பாணம். கலியாணம் கட்டவில்லை. செய்தி கேட்டு அவருடைய தம்பி வந்திருந்தார், வயதானவர், விறைப்பான ஆள். என் கேள்வியைக் கேட்டேன். “அக்கா கனக்கக் கதைக்கமாட்டா. அவ்வளவுதான்” என்றார். நான் விடவில்லை. “படிப்பிக்கேக்க கரும்பலகையில ஒரு மூலையில மட்டும்தான் எழுதுவாவாம். மிச்சம் பிள்ளையள் வந்து செய்யிறதுக்கு எண்டு விடுவாவாம்” என்று கொஞ்சம் எரிச்சலோடு சொன்னார்.

அது போதும். படம்கூட வைக்கவில்லை. இடது மேல் மூலையில் சிறிய எழுத்தில் அவர் பெயர். கீழே ஒரு கோடு. மிச்ச பேனர் முழுக்க வெள்ளை. என் வாழ்நாளில் செய்ததிலேயே நல்லது இது என்று, சுனில் அதைச் சுருட்டும்போது அவனிடமே சொன்னேன். விடிந்ததும் தம்பியார் வந்து விரித்துப் பார்த்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: “ஏன் தம்பி, மை முடிஞ்சு போச்சோ?”

நான் விளக்கிச் சொல்லச் சொல்ல அவர் முகம் கறுத்தது. இதைக் கொண்டுபோக ஏலாது, திருப்பி எடும் என்றார். முதலாளி கல்லாவிலிருந்து எழுந்தே விட்டார். ஆனால் பூதவுடல் வீட்டுக்கு வரும் நேரம், வேறு அடிக்க அவகாசமில்லை. “பின்னேரம் வந்து கதைக்கிறன்” என்று பேனரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். முதலாளி மூலையில் கிடந்த ஓட்டை போடும் கருவியைக் கண்ணால் காட்டிவிட்டுப் போனார்.

அன்று நான் வீட்டுக்குப் போகவில்லை. வாவியைச் சுற்றி நடந்தேன். தலதா மாளிகையில் புத்தரைக் கும்பிட்டுவிட்டு வெள்ளை உடுத்தி வந்த கூட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் வெறும் பேனர்கள் நடந்து வருவதுபோல இருந்தது. பின்னேரம் கடைக்குப் போனால், அவர் சுருட்டிய பேனரோடு எனக்கு முன்னமே வந்து நிற்கிறார். முதலாளி கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில். பேனரைத் தரையில் விரித்தார்.

வெள்ளை இல்லை. ஒரு விரல் வைக்க இடமில்லை. அவரிடம் படித்த பெண்கள், இப்போது பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உள்ளவர்கள், மார்க்கர் பேனாவை வாங்கி வாங்கி எழுதியிருக்கிறார்கள். பெயர்கள். வகுப்புகள். தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும். ஒருத்தி ஒரு கணக்கையே செய்து, கீழே ‘இப்ப சரியா டீச்சர்?’ என்று கேட்டிருந்தாள். இடம் போதாமல் ஓரங்களில் எழுத்து திரும்பி மேலே ஏறியிருந்தது. அதைச் சின்னதாக்கிப் படம் எடுத்துத் தர முடியுமா, யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோக வேணும் என்று கேட்கத்தான் வந்திருக்கிறார். போகும்போது வாசலில் நின்று திரும்பினார்.

“தம்பி, நீர் இன்னும் கொஞ்சம் வெள்ளை விட்டிருக்கலாமெல்லோ.”

திரும்பி வந்தது

அதற்குப் பிறகு என் கொடிதான் பறந்தது. முதலாளி கடை வாசலில் ‘புது மாதிரி அஞ்சலி செய்து தரப்படும்’ என்று பலகை மாட்டினார். என் வரிகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஒன்றாகப் போட்டு, பகல் வேலைக்காரர்களும் எடுக்கும்படி வைத்தார். மற்றக் கடைகளும் எங்கள் பேனர்களைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். கொஞ்ச நாளில் கண்டிச் சுற்றுவட்டாரத்தில் குத்துவிளக்கு குறைந்துவிட்டது, தாமரை அநேகமாக ஒழிந்தது. பஸ்ஸில் போகும்போது இரண்டு பக்கமும் என் வரிகள். சீட்டிலிருந்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாசிப்பேன். பக்கத்தில் இருப்பவருக்கு நான் யாரென்று தெரியாது, அதுவும் ஒரு சுகம். ஒரு தடவை கட்டுகஸ்தோட்டையில், சொந்தக் காரை விட்டுக் கீழே இறங்காத ஒரு வக்கீலின் படத்துக்குப் பக்கத்திலும் ‘கடைசி பஸ்ஸும் போய்விட்டது’ என்று கண்டேன். அன்று மட்டும் நெஞ்சு அவ்வளவாக நிமிரவில்லை.

போன மாதம் ஒரு பொழுதுபட்ட நேரம். ஒரு இளம்பெண் பேனரோடு வந்து அதை மேசையில் வைத்தாள். எங்கள் கடை பேனர்தான், பகலில் அடித்தது. திரும்பி வந்த முதல் பேனர். விரித்தால், அவள் அப்பாவின் முகம். பக்கத்தில்: ‘இனி உள்ளே வரலாம், அப்பா.’ முதலாளியும் எழுந்து வந்தார். எங்கள் இரண்டு பேருக்குமே அந்தப் பழைய நிபந்தனை ஞாபகம் வந்தது முகத்தில் தெரிந்தது.

“என்னம்மா, பிடிக்கலையா?” என்றேன். அது நான் எழுதிய வரி என்று சொல்ல வாய் வரவில்லை. பேரிலோ தேதியிலோ பிழையா என்று முதலாளி கேட்டார். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். அழுது முடித்த முகம், ஆனால் பேச்சில் தடுமாற்றம் இல்லை.

“நல்ல வரிதான் அண்ணே, முந்தா நாள் பக்கத்துத் தெருவுலயும் பாத்தேன். ஆனா எங்கப்பாவுக்கு பஸ்ஸுன்னாலே வாந்தி. சாகுற வரைக்கும் எல்லா எடத்துக்கும் நடந்தேதான் போனாரு.”

முதலாளி என்னைப் பார்த்தார். நான் மூலையில் கிடந்த ஓட்டைக் கருவியைப் பார்த்தேன். மஹய்யாவ அம்மா அன்று கேட்டதையே இந்தப் பெண் கேட்கிறாள். அப்போது வெட்கமாக இருந்தது, இப்போது எனக்குள் ஒரு பெருமை எழுந்து நின்றது. ‘இது அப்பா இல்லை’ என்று ஒரு பேனரைத் தூக்கிக்கொண்டு வருகிற ஊராக இது எப்போது ஆனது? சொன்னபடி மூலைக்குப் போகட்டுமா என்று முதலாளியிடம் கேட்டேன். அவர் அந்தப் பெண்ணுக்குக் கதிரையை இழுத்துப் போட்டார்.

“நீ மூலைக்குப் போயிட்டா, நடந்து போன மனுசனப் பத்தி யாருடா எழுதுறது?”

நான் பேனரைச் சுருட்டி வைத்தேன், புது வெள்ளைத் திரையைத் திறந்தேன். அப்பா நடக்கும்போது என்னம்மா பேசிக்கொண்டு போவார் என்று கேட்டேன். உலகமெல்லாம் நவீனம் என்று புத்தகம் புத்தகமாக எழுதிய அந்தப் புரட்சியை நான் கண்டியில் தனியாளாக நடத்திப் பார்த்ததில், செய்ததெல்லாம் செத்தவரைப் பற்றி ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டதுதான். அதற்கே எனக்கு இத்தனை வருடத் தூக்கம் போய்விட்டது.